பாவைக்குப் பின்னால் யார்? – வாசகர் கேள்வி பதில்

மனித உருவ ரோபோக்கள் பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கோவையில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறையில் பெண் உருவ ரோபோ நிற்கிறது. அதைப் பார்த்ததும் என் மாமியார், "என்னடி இது, செத்தவ மாதிரி பாக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்க் கருப்பராயனின் உருட்டு விழியைப் பார்த்து ஒருநாளும் பயந்தவரில்லை. இது ஏன்?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

உங்கள் மாமியார் சொன்னதைத்தான் டோக்கியோ தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-ல் ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார். தொழிற்சாலை எந்திரக் கை நம்மை ஒன்றும் செய்யாது. கை கால் வைத்த பொம்மை ரோபோ பிடிக்கும். மனித ஜாடை கூடக் கூடப் பிரியமும் கூடும். ஆனால் ஏறக்குறைய மனிதர்தான் என்று தோன்றுகிற கட்டத்தில் அது சடாரென்று சரிந்து அருவருப்பாகிவிடும். அந்தச் சரிவின் அடியில் அவர் வைத்தது பிணத்தை. பிணம் அசைந்தால் பள்ளம் இன்னும் ஆழம். அவர் காட்டிய உதாரணம் செயற்கைக் கை. பார்க்க நிஜக் கை போலவே இருக்கும், குலுக்கும்போது சில்லென்று, எலும்பில்லாத பிடியாக இருக்கும். தூக்கிவாரிப் போடும்.

கருப்பராயன் உங்கள் வீட்டு மனிதராக நடிப்பதில்லை. கண்ணும் மீசையும் அரிவாளும் 'நான் வேறு' என்று அறிவித்துவிடுகின்றன. வரவேற்பறைப் பெண்ணுக்கோ சிலிக்கோன் தோல், நிஜ முடி, பட்டுப்புடவை. இத்தனையும் மனிதர் என்று சொல்லும்போது மூன்று நான்கு இடங்களில் குட்டு உடைகிறது.

முதலாவது கண். நாம் சும்மா இருக்கையில் நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை, ஒழுங்கில்லாமல் இமைப்போம். மலிவான ரோபோ கடிகாரம் போல இமைக்கும். யாராவது கூப்பிட்டால் நமக்கு முதலில் கண் திரும்பும், பிறகு கழுத்து. அதற்கோ கண் நிலைகுத்தியிருக்க, கழுத்து மட்டும் திரும்பும். 'செத்தவ மாதிரி' என்பது இதைத்தான்.

இரண்டாவது வாய். தாடைக்கு ஒரே மோட்டார் வைத்த முகத்தால் உதட்டை ஒட்டி அழுத்த முடியாது. ப, ம என்ற ஒலிகளுக்கு உதடு மூட வேண்டும். 'வாங்கம்மா' என்று ஸ்பீக்கர் சொல்லும்போது வாய் பிளந்தே இருக்கும். காது கேட்டதைக் கண் ஒப்புக்கொள்ளாது.

மூன்றாவது தாமதம். பேச்சில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க நாம் எடுக்கும் நேரம் சுமார் 0.2 விநாடி. ரோபோ உங்கள் குரலை இணையம் வழியே அனுப்பிப் பதில் வாங்க அதைவிட அதிக நேரம் ஆகும். பாலக்காட்டுப் பக்கம் பேசுவது போலத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தால் இன்னும் தடுமாறும். அந்த நேரம் முழுக்க முகம் கல்லாக இருக்கிறது.

இதற்கு மருந்து இன்னும் நல்ல தோல் அல்ல, தோலைக் குறைப்பதுதான். மோரியும் மனிதரை எட்டிப்பிடிக்கப் போகாதீர்கள், முதல் மேட்டிலேயே நில்லுங்கள் என்றார். கியோட்டோவின் கோடைஜி கோயிலில் 2019 முதல் பிரசங்கம் செய்யும் 'மிண்டார்' என்ற ரோபோ, கருணைத் தெய்வமான கன்னோனின் உருவம். அதற்கு முகம், கை, தோள்பகுதி ஆகியவற்றில்தான் சிலிக்கோன். மீதி அலுமினியமும் ஒயரும் வெளியே தெரிய நிற்கிறது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு ஜப்பானில் செய்த 'பாரோ' ஒரு கடல்நாய்க் குட்டி. பூனையோ நாயோ செய்திருந்தால் எல்லோரும் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை கண்டுபிடிப்பார்கள். கடல்நாயை மடியில் வைத்திருந்தவர் யார்? அதனால் 2.7 கிலோ எடையுள்ள அந்தப் பொம்மை தப்பித்துக்கொள்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எழுதுவதானால் இதை எழுதுங்கள்: ரோபோ யோசிக்கும் நேரத்தில் அதன் நெஞ்சிலாவது ஒரு விளக்கு எரியட்டும், வயதானவர்கள் வரும்போது அது தானாகப் பேசத் தொடங்க வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

கேரளத்தைப் போல எங்கள் கோயிலுக்கும் எந்திர யானை வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. உயிரில்லாத யானை மேல் சாமி வருவது முறையா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், செங்கோட்டை

யானை மனித உருவம் அல்ல என்றாலும் கேள்வி அதே கேள்விதான். உயிர் இருக்க வேண்டிய இடத்தில் எந்திரம் நிற்கலாமா என்பதுதானே?

திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் 2023 பிப்ரவரியில் நடைக்கிருத்தப்பட்ட (காணிக்கையாக விடப்பட்ட) எந்திர யானை 'ராமன்', பீட்டா இந்தியா அமைப்பின் கொடை. பத்தரை அடி உயரம், 800 கிலோ, இரும்புச் சட்டத்தின் மேல் ரப்பர் தோல், செலவு சுமார் 5 லட்சம் ரூபாய். தலை, காது, கண், வாய், வால் எல்லாம் மின்சாரத்தில் அசையும். அது வந்த பிறகு அங்கே விழாவுக்கு நிஜ யானை எடுப்பதில்லை.

முறையா என்று கேரளத்துக்காரர் கேட்டால் பொருத்தம். அங்கே எழுந்தருளிப்புக்கு, அதாவது சாமி ஊர்வலத்துக்கு, நெற்றிப்பட்டம் கட்டிய உயிர் யானைதான் மரபு. தமிழ்நாட்டுக் கோயில்களில் மரத்தால் செய்த யானை வாகனம் காலங்காலமாக வாகன மண்டபத்தில் இருக்கிறது. அதன் மேல் சாமி வரும்போது யாரும் மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சுமக்கிற சீர்பாதக்காரர்களின் தோள்தான் அங்கே உயிர். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் ஆயிற்றே, இரண்டு பழக்கமும் உங்களுக்குள் மோதுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். உற்சவ முறையில் கை வைப்பதற்கு முன் தந்திரியிடமோ ஸ்தானிகரிடமோ கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஊர்க்கூட்டத்தில் வாய்வார்த்தை நிற்காது.

எந்திர யானை நம் கதைக்குப் புதிதும் இல்லை. வயிற்றுக்குள் வீரர்களை ஒளித்துவைத்த பொய் யானையைக் காட்டித்தான் பெருங்கதையின் நாயகன் உதயணனைச் சிறைபிடித்தார்கள். குற்றம் யானை பொய் என்பதில் இல்லை, உள்ளே யார் என்று மறைத்ததில். 'இது எந்திரம், இன்னார் இயக்குகிறார்' என்று தெரிந்தே ஊர் கும்பிட்டால் யாரும் ஏமாறவில்லை.

இனி வாங்கும் விஷயம். உடம்பு இரும்பு, சுற்றிலும் ஈரக்காலோடு ஜனம். ஆகவே 230 வோல்ட் ஒயர் உள்ளே போகவே கூடாது. 12 அல்லது 24 வோல்ட் பேட்டரியில் ஓடட்டும். விழா நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பாகன் கைக்கு எட்டும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் கேளுங்கள். ரப்பர் முதலில் வெடிப்பது காது ஒட்டும் இடத்திலும் துதிக்கை மடிப்பிலும்தான். வெயிலில் நிறுத்தினால் சீக்கிரமே வெடிக்கும், அதன் வழியாகக் குற்றாலச் சாரல் மோட்டாருக்குள் போகும். பிறகு காது ஒரு பக்கம் மட்டும் ஆடும், பையன்கள் சிரிப்பார்கள். சக்கரத்தில் உருளுவதால் தேரோடும் வீதியின் சரிவை முன்கூட்டியே பாருங்கள். மேலே ஆள் ஏறினால் எடை உச்சியில் போய்விடும், சரிவில் குறுக்காகத் திருப்பினால் கவிழும். சாமியோடு எத்தனை கிலோ ஏற்றலாம் என்பதைச் செய்தவரிடம் எழுதி வாங்குங்கள். தீப்பந்தமும் வாணவேடிக்கையும் உண்டென்றால் ரப்பருக்குப் பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

தோல்பாவைக்கூத்தை ரோபோ ஆட்டுகிறதாமே. அதுவும் கூத்தாகுமா?
– வாசகர், சித்தூர் (பாலக்காடு)

2021 வாக்கில் பாலக்காட்டில் இதைச் செய்து காட்டினார்கள். தோல்பாவையின் கையையும் தலையையும் கணினி சொல்படி மோட்டார்கள் அசைக்கும்.

இந்தக் கூத்தின் இலக்கணத்தை நினைத்துப் பார்த்தால்தான் கேள்வியின் சுவை தெரியும். பகவதி கோயிலில் கூத்துக்கென்றே உள்ள கூத்துமாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 தேங்காய்மூடி விளக்குகளை ஏற்றி, கம்பராமாயணப் பாட்டைத் தமிழில் பாடி ஆடுவது. தாரிகன் என்ற அசுரனோடு போரிடப் போன பத்ரகாளி ராம-ராவண யுத்தத்தைப் பார்க்கத் தவறினாள், அவளுக்காகத்தான் இது என்பது ஐதீகம். அதனால் நடுராத்திரியில் எதிரே ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. பார்ப்பவள் அம்மன்.

மனிதப் பார்வையாளர் இல்லாமலே நடக்கிற கலை ஒன்றில் ஆட்டுபவரும் மனிதர் இல்லாமல் போனால் மிச்சம் என்ன? நேர்ச்சைதான் மிச்சம். ஒரு குடும்பம் நேர்ந்துகொண்டு பணம் கட்டுகிறது. ஒரு புலவர் (பாவையை ஆட்டிப் பாடுபவரை அப்படித்தான் அழைப்பார்கள்) கண்விழித்துப் பாடி அதை நிறைவேற்றுகிறார். கண்விழிப்பதே காணிக்கையின் பாதி. மோட்டார் கண்விழிப்பதில்லை. ஆகவே கூத்துமாடத்தில் அதற்கு வேலை இல்லை என்பது எங்கள் கருத்து.

மியூசியத்தில் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் மதியம் இரண்டு மணிக்கு வந்து பொத்தானை அழுத்தினால் ஆடுவதற்கு எந்தப் புலவரைக் கூப்பிடுவது? செய்பவர்களுக்கு ஒரு யோசனை: எல்.இ.டி. வைத்தால் நிழல் வெட்டினாற்போல் அசையாமல் நிற்கும். எண்ணெய் விளக்கின் சுடர் நடுங்குவதால்தான் சும்மா நிற்கும் ராமனும் மூச்சுவிடுவது போல் தெரிகிறான். வெளிச்சத்தை லேசாக, ஒழுங்கில்லாமல் ஏற்றி இறக்குங்கள். பாட்டுக்குப் பதிவு வைத்தால் பாடியவர் பெயரைத் திரைக்கு வெளியே எழுதி, ஒவ்வொரு காட்சிக்கும் அவருக்கு ஒரு தொகை போகும்படி ஒப்பந்தம் போடுங்கள்.

ரோபோ அர்ச்சகர் வருவாரா?
– வாசகர், நகரி

பாதி வந்தாயிற்று. சின்னக் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் கரண்டில் ஓடும் மேளமும் மணியும் யார் கை? 2017 பிள்ளையார் சதுர்த்திக்குப் புனேயில் ஒரு எந்திரக் கை ஆரத்தி சுற்றியதும் செய்தியாயிற்று. மேளம் மோட்டாரான போது யாரும் தத்துவம் பேசவில்லை, மேளக்காரரின் கூலி நின்றது, அவ்வளவுதான்.

ஆகமப் பூஜையில் அர்ச்சகர் முதலில் நியாசம் செய்து தன் விரலிலும் உடம்பிலும் மந்திரத்தை ஏற்றிக்கொள்கிறார், பிறகுதான் மூர்த்தியைத் தொடுகிறார். தீட்சை பெற்ற உடம்பு வேண்டும் என்பது விதி. கையசைவை மட்டும் படியெடுக்கிற எந்திரம் அந்த இடத்துக்கே வர முடியாது. ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில், 2017-ல் லூத்தர் சீர்திருத்தத்தின் 500-ம் ஆண்டுக்கு 'பிளஸ்-யூ-2' என்ற ரோபோவை வைத்தார்கள். ஐந்து மொழிகளில் ஆசி சொல்லும், உள்ளங்கையில் விளக்கு எரியும். வைத்தது திருச்சபையேதான். போதகருக்குப் பதிலாக அல்ல, 'ஆசி என்பது யாரிடமிருந்து வருகிறது' என்று ஜனங்களை விவாதிக்க வைப்பதற்காக.

சவூதி அரேபியா ஒரு ரோபோவுக்குக் குடியுரிமை கொடுத்ததாகப் படித்தேன். நம் சட்டத்தில் ரோபோ ஒரு 'நபர்' ஆக முடியுமா? கோயில் விக்கிரகமே நபர்தானே?
– சட்டக் கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஹாங்காங்கில் செய்த 'சோஃபியா'வுக்கு 2017 அக்டோபரில் ரியாத் மாநாட்டு மேடையில் குடியுரிமை அறிவித்தார்கள். அந்த நாட்டுப் பெண்கள் கார் ஓட்ட அனுமதி அமலுக்கு வந்தது அடுத்த ஆண்டு ஜூனில்தான். விளம்பரம் என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

நம் விக்கிரக விஷயம் அப்படியல்ல. 1925-ல் கல்கத்தா முல்லிக் குடும்ப வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், விக்கிரகம் சட்டப்படி நபர், அதை நினைத்த இடத்துக்கு மாற்றும் சொத்தாகக் கருதக் கூடாது என்றது. அந்தக் குடும்பச் சண்டையில் சம்பந்தப்படாத ஒருவர் விக்கிரகத்துக்காக வாதாட வேண்டும் என்றும் சொன்னது. நபர் என்று சொன்ன கையோடு, அதற்காகப் பேசும் மனிதரையும் நிறுத்தியதைக் கவனியுங்கள். கொடுத்தவரின் தர்ம நோக்கத்தைக் காப்பதற்கான ஏற்பாடு இது. விக்கிரகத்துக்கு உணர்வு உண்டா என்று கோர்ட் ஆராயவில்லை. 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், சட்ட நபர் என்பதால் மட்டும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு தரும் மதச் சுதந்திர உரிமை தெய்வத்துக்கு வந்துவிடாது என்று எழுதியதையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்தது கங்கை. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர் என்றது. வெள்ளத்தில் செத்தவர் குடும்பம் நதி மேல் வழக்குப் போட்டால் யார் கொடுப்பது என்று மாநில அரசே உச்ச நீதிமன்றம் போனது, ஜூலையில் தடை வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தானே முடிவெடுக்கும் ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' தகுதியை யோசிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டு 150-க்கும் மேற்பட்ட நிபுணர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். பழி எந்திரத்தின் தலையில் விழும், செய்தவர் தப்பித்துப்போவார் என்பது முக்கியமான வாதம். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. விக்கிரகத்தை நபராக்கியதால், அதன் காரியங்களைப் பார்க்கும் சேவாயத்துக்குப் பொறுப்பு வந்தது. ரோபோவை நபராக்கினால் கம்பெனியின் பொறுப்பு கழன்றுபோகும்.

இன்றைக்கு ரோபோ யாரையாவது காயப்படுத்தினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவு போதும். செய்தவர், விற்றவர், சேவை தருபவர் மூவரையும் பிடிக்கலாம். பில், வரிசை எண், சம்பவ நேரத்து கேமரா பதிவு, டாக்டர் சான்று ஆகியவற்றை அன்றே எடுத்துவைக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். பழுதான பாகத்தை மாற்ற விடாதீர்கள், அதுதான் சாட்சி.

ஜப்பானில் ரோபோ நாய்க்குக் கருமாதி செய்கிறார்களே, ஆன்மா உண்டென்று நம்பியா?
– வாசகர், கம்பம்

சோனி 1999-ல் விட்ட ஐபோ நாயை 2006-ல் நிறுத்தியது, 2014-ல் பழுதுபார்ப்பதையும் விட்டது. உதிரிபாகம் இல்லை. முன்னாள் ஊழியர்கள் சிலர் செத்த ஐபோக்களிலிருந்து பாகம் எடுத்து மற்றவற்றைப் பிழைக்க வைத்தார்கள். பாகம் எடுப்பதற்கு முன் சிபா மாகாணம் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி கோயிலில் ஒரு சடங்கு. கழுத்தில் உரிமையாளர் பெயரட்டை, வரிசையாக நாய்கள், சாம்பிராணி, மந்திரம். ஜப்பானில் பல இடங்களில் பிப்ரவரி 8 அன்று முறிந்த தையல் ஊசிகளை மெத்தென்ற தோஃபுவில் (சோயாப் பாலில் செய்த கட்டி) குத்திவைத்து நன்றி சொல்வதும் உண்டு. ஊசிக்கு ஆன்மா என்று தையல்காரர் சாதிக்கமாட்டார். ஆயுதபூஜைக்குக் கம்பத்து ஜீப்புக்கு நீங்கள் சந்தனம் வைப்பதையும், ஜீப் மூச்சுவிடுகிறது என்று நம்பியா செய்கிறீர்கள்?

'ஜப்பானியர் ரோபோப் பிரியர், மேல்நாட்டார் பயந்தவர்' என்பதையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2007-ல் வெளியான ஏழு நாட்டு ஆய்வொன்றில் அமெரிக்கர்களைவிட ஜப்பானியர்களே ரோபோ பற்றி அதிகம் தயங்கினார்கள். பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தொல்லையும் தெரியும்தானே.

இஸ்லாத்தில் உருவம் செய்யக் கூடாது. அப்படியானால் மனித ரோபோவும் கூடாதா?
– வாசகர், களியக்காவிளை

மார்க்கத் தீர்ப்பை ஆலிம்களிடம் கேளுங்கள். வரலாற்றை மட்டும் நாங்கள் சொல்கிறோம். இன்றைய துருக்கியின் தியார்பகிரில் அர்துகித் வம்ச அரசவையில் இருந்த பொறியாளர் அல்-ஜசரி 1206-ல் முடித்த எந்திர நூலில், கைகழுவத் தண்ணீர் ஊற்றும் உருவங்களும், படகில் வாத்தியம் வாசிக்கும் உருவங்களும் படத்தோடு இருக்கின்றன. யானைக் கடிகாரமும் உண்டு. யானை வயிற்றுத் தொட்டியில் ஓட்டைக் கிண்ணம் ஒன்று மெல்ல நிறைந்து அரைமணிக்கு ஒருமுறை மூழ்கும், மூழ்கும்போது பாகன் உருவம் அடிக்கும். நம் நாழிகை வட்டிலும் இதே வேலைதான் செய்தது, 24 நிமிடத்துக்கு ஒருமுறை.

ஏன் எல்லா ரோபோவும் பெண்ணாக இருக்கிறது?
– வாசகி, குமுளி

2019-ல் கேரளப் போலீஸ் தலைமையகத்தில் சல்யூட் அடித்து வரவேற்க நிறுத்திய கேபி-பாட் பெண் உருவம், எஸ்.ஐ. பதவி. அதே ஆண்டு கண்ணூர் ஓட்டலில் சாப்பாடு கொண்டுவந்தவை பெண் உருவம். 2024-ல் திருவனந்தபுரம் பள்ளியொன்றில் வந்த 'ஐரிஸ்' டீச்சருக்குப் புடவை. மூன்றும் வரவேற்கிற, பரிமாறுகிற, சொல்லிக்கொடுக்கிற வேலைகள். எந்த வேலையைப் பெண் சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று நாம் எண்ணுகிறோமோ, அந்த வேலைக்குப் புடவை கட்டிவிடுகிறோம்.

இதே கேரளத்தில் 2018-ல் வந்த 'பேண்டிகூட்'டைப் பாருங்கள். சாக்கடைக் குழிக்குள் இறங்கி அள்ளும் ரோபோ அது. சிலந்தி மாதிரி கால்கள், முகம் கிடையாது. சாதியின் பெயரால் மனிதர்களை இறக்கிக் கொன்ற வேலையைச் செய்கிற எந்திரத்துக்கு யாரும் மனித முகம் வைக்கவில்லை, வைக்கவும் தேவையில்லை. உருவம் வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பதில்: கை வேண்டிய வேலைக்குக் கை வையுங்கள், முகம் வேண்டிய வேலை என்றால் முதலில் ஒரு ஆளைப் போடுங்கள்.

எங்கள் பள்ளிக்கு ஒரு ரோபோ வந்தது. பையன்கள் அதை உதைத்தார்கள். அதற்கு வலிக்குமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, குப்பம்

வலிக்காதம்மா. ஆனால் வலிக்காது என்று நம்பித்தான் பையன்கள் உதைத்தார்களா என்பது சந்தேகம். ஜப்பானில் ஒரு கடைவளாகத்தில் ரோபோவை மறித்தும் அடித்தும் தொல்லை செய்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பேட்டி எடுத்து 2015-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலானோர் அதை மனிதர் போலத்தான் நினைத்தோம் என்றார்கள். தாங்கள் செய்வது அதற்குத் தெரியும் என்று நினைத்தபடியே தொல்லை கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

அந்தக் குழுவினர் ரோபோவுக்கு ஒரு தந்திரமும் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் கூட்டமாகச் சூழ்ந்தால், 1.4 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிற யாராவது பக்கத்தில் தெரிகிறார்களா என்று பார்த்து அங்கே நகர்ந்துவிட வேண்டும். பெரியவர் இருந்தால் பிள்ளைகள் அடங்குவார்கள் என்ற கணக்கு. உங்கள் பள்ளி ரோபோவில் அந்த வசதி இருக்காது. பக்கத்தில் ஒரு டீச்சரை நிற்கச் சொல்லுங்கள்.